பி-2 தளத்தில் மரமாக நிற்றல்

அது இழுத்தால் நகராதே என்றாள் ரொவேனா.
மரமாக நில்.
கயிறு தளரும் வரை ஓரெட்டும் வைக்காதே.
மணிக்குப் பதினைந்து ரியால் வாங்கிக்கொண்டு
அவள் கற்றுத்தந்த ஒரே வித்தை.

ஆகவே நிற்கிறேன்,
அல் குவைரில், காலை நாலரைக்கு,
கட்டடத்தின் அடிவயிற்றில்,
ஏசித் தண்ணீர் சொட்டும் குழாய்க்கும்
உறை போர்த்தித் தூங்கும் யாருடைய காருக்கோ நடுவிலும்.
வெளியே ஆகஸ்ட்.
தாரில் புறங்கை வைத்து ஏழு வரை எண்ணு,
எண்ண முடிந்தால் நாயை இறக்கு என்பார்கள்.
நேற்று இரவு ஒன்பதுக்கு
மூன்றிலேயே கையை எடுத்துவிட்டேன்.

பட்டையில் பெயர் டூபி.
கீழே ஒரு கைபேசி எண்.
அழைத்தால் முதலில் அரபியில், பிறகு ஆங்கிலத்தில்
அப்படியொரு எண் இல்லை என்கிறாள் ஒருத்தி.
விட்டுப்போனவர்கள் நிரப்பிய தாளில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
இரண்டே சொற்கள்: விசா முடிந்தது.
என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும்,
எந்த மொழியில் திட்டினால் கேட்கும்,
அதற்கெல்லாம் கட்டமே இல்லை.

சிட் என்றேன். பார்த்தது.
உக்காரு. பார்த்தது.
பைட்டோ.
பக்கத்து ஃப்ளாட் ஜின்ஸியைக் கூட்டிவந்து
இரி மோனே என்று கொஞ்சச் சொன்னேன்.
அவளையும் பார்த்தது,
பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்ப்பதுபோல்.
கோழித்துண்டை மட்டும்
மொழி வேறுபாடின்றி வாங்கிக்கொண்டது.

செருப்பில் இடதுகாலை மட்டும் தின்னும்.
ஐந்து ஜோடி போயின. ஐந்து வலதுகால்கள்
கதவருகே வரிசையாக இருக்கின்றன.
தூக்கிப்போட மனம் வரவில்லை,
ஒருவேளை ஒரு நாள் மனம் மாறி
வலதுக்கு வந்தால்.

லிஃப்ட்டில் உம்மு முஹன்னத் நின்றால்
நாங்கள் அடுத்ததற்குக் காத்திருப்போம்.
அவர் அபாயாவை ஒதுக்கிக்கொண்டு
சங்கடமாய்ச் சிரிப்பார்.
அவர் வாய்திறந்து புகார் சொன்னதில்லை.
சொன்னது காவலாளி மொத்தலிப்.
மருந்தகத்தில் எனக்கு இரவு முறை இருந்த நாளில்
என் கதவுக்கு வெளியே நின்று
ஃபோனில் பதிவுசெய்து வைத்திருந்தார்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி.
கேளுங்க மேடம் என்றார்.
முதல் நிமிடம் குரைப்பு.
அப்புறம் கேட்டது குரைப்பு இல்லை.
இருவரும் அதை முழுக்கக் கேட்டோம்.
முடிந்ததும் அவர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு
ஓனரிடம் சொல்லவில்லை என்றார்.

இதோ, இழுக்கிறது.
தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுக்கிறது.
மரம். நான் மரம்.
இந்த ஊர் மரம், சொட்டுநீர்க் குழாய் பிடுங்கினால்
இரண்டு நாளில் காய்ந்துவிடும் ஜாதி.
பூனைக்கு என்று முதல் வாரம் நினைத்தேன்.
எலிக்கு என்று இரண்டாம் வாரம்.
இன்று மரம் தோற்றுப் பின்னாலேயே போனது.

நாற்பத்தொன்றாம் எண் இடம். வெள்ளைப் பிராடோ.
பின்பக்க இடது கதவு.
கைப்பிடிக்குக் கீழே மோந்தது.
பிறகு யாரும் சொல்லாமல்
உட்கார்ந்தது.
முதுகு நிமிர்த்தி, வால் சுருட்டி,
ரொவேனாவின் வீடியோவில் வரும் நாய்போல்
அத்தனை கச்சிதமாக,
கதவு திறக்கும் என்று.

கயிறு தளர்ந்திருந்தது.
விதிப்படி நான் இப்போது நடக்க வேண்டும்.
நல்ல பிள்ளை என்று சொல்ல வேண்டும்.
கோழித்துண்டு தரவேண்டும்.

பீப் என்றது வண்டி.
திஷ்தாஷாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி
ஒருவர் வந்தார், மீன் சந்தைக்குப் போகிறவர்போல்
இன்னொரு கையில் காலி ஐஸ் பெட்டி.
எங்களைப் பார்த்தார். தள்ளி நின்றார்.
பெட்டியை வைக்கப் பின்கதவைத் திறந்ததும்
உள்ளிருந்து ஊதுவத்தியும் பழைய மீனும்
கலந்த வாடை.
வால் ஒருமுறை தரையைத் தட்டி
நின்றுவிட்டது.
ஸாரி என்றேன். பரவாயில்லை என்பதுபோல் கையசைத்தார்.

டூபி எழுந்தது. உதறிக்கொண்டது.
ஐம்பத்தாறாம் எண்ணில் இன்னொரு வெள்ளைப் பிராடோ.
அங்கும் உட்கார்ந்தது. எழுந்தது.
மஸ்கட்டில் எத்தனை வெள்ளைப் பிராடோ இருக்கும்,
எனக்குத் தெரியாது.
இந்தத் தளத்தில் பதினொன்று.

மூன்றாவதற்கு இழுத்தபோது
கொஞ்ச நேரம் மரமாக நின்றேன்,
கொடுத்த காசுக்காவது.
அப்புறம் நடந்தேன்.
ரொவேனாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மீதி எட்டு.
ஆறு மணிக்கு எனக்கு வேலை.